யார் தலையில் பூ?

முதுகலை மாணவிகளை ஆண்டுக்கொரு முறை கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போவது என் வழக்கம். அரியலூர் மாவட்டத்தின் பெருமை என்றால் எல்லோரும் முதலில் அந்தக் கோயிலைத்தான் சொல்வார்கள். வடக்கு வாசலில் படியேறும் இடத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம் இருக்கிறது. உமை பக்கத்தில் அமர்ந்திருக்க, கீழே கைகூப்பியிருக்கும் சண்டேசரின் தலையில் சிவபெருமான் பூமாலையைச் சுற்றுகிறார். 11ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இராசேந்திர சோழன் எடுப்பித்த கோயில் இது, சண்டேசர் இடத்தில் அந்த அரசனையே வைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி குறுக்கிட்டாள்.

“மேடம், ஆம்பளைக்கு சாமியே பூ வச்சு விடுது. அந்தம்மா சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு.”

எல்லோரும் சிரித்தோம். பேருந்தில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்புதான் அப்பா இறந்திருந்தார்.

அப்பாவின் கருமாதிக்கு முந்தின இரவு உறவுக்காரப் பெண்கள் அம்மாவை நடுவீட்டில் உட்காரவைத்துத் தலைவாரி, சடை பின்னி, தலை கொள்ளும் மட்டும் மல்லிகை வைத்தார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல், நெற்றி நிறையக் குங்குமம். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பூ வைத்ததில்லையே என்று பெரியம்மா சொல்லிச் சொல்லி அழுதார். விடிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நான் வகுப்பில் புறநானூறு நடத்துகிறவள். 250ஆம் பாட்டில் கூந்தல் கொய்து, வளையல் நீக்கி, அல்லியரிசி உண்டு கிடக்கும் மனைவியைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். அன்று அந்த அறையில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தாம்பாளத்தில் கிடந்த பூவைக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டியவளும் நான்தான்.

வீட்டில் பெண்கள் தலைக்குச் செய்துகொள்ளும் வேலைகளை ‘அழகுக் குறிப்பு’ என்று ஒரு பெயர் வைத்து ஒதுக்கிவிடுகிறோம். எண்ணெய் வைப்பது, அரப்பு தேய்ப்பது, சிக்கெடுப்பது, பின்னுவது, பூத் தொடுப்பது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்த வேலைகளுக்குள் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. எந்தத் தலையில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று பிறர் போட்ட உத்தரவுகளின் வரலாறு ஒன்று. ஒருத்தியின் தலையை இன்னொருத்தி தன் மடியில் வாங்கிக்கொண்ட வரலாறு மற்றொன்று. முதலாவது ஏட்டிலும் கல்லிலும் இருக்கிறது. இரண்டாவது எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது.

என் அம்மாயி வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பெண்கள் திண்ணைப் படியில் ஒருவர் பின் ஒருவராக உட்காருவார்கள். கீழ்ப்படியில் நான், எனக்குப் பின்னால் அக்கா, அக்காவுக்குப் பின்னால் சித்தி, எல்லோருக்கும் மேலே அம்மாயி. பேன்சீப்பு, ஈர்கொல்லி, எண்ணெய்க் கிண்ணம் மூன்றும் கைமாறிக்கொண்டே இருக்கும். வாரும்போது உதிர்ந்த முடியை விரலில் சுருட்டிக் கூரைச் சந்தில் செருகிவைப்பார்கள். சேர்ந்ததும் சவுரி கட்டுவதற்கு ஆகும். அந்த வரிசையில் பேசுகிறவளும் கேட்கிறவளும் முகம் பார்க்க வேண்டியதில்லை. புருஷன் அடித்ததும், நாள் தள்ளிப்போனதும், கருப்பை இறங்கியதும் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போனது அப்படித்தான். சித்தி தான் படிக்க ஆசைப்பட்டதைச் சொன்னதும் அந்தப் படியில்தான். அக்காவின் பின்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல். சீரகமும் மிளகும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், பிறகு அரப்பு. அரப்பு என்பது உசிலை மரத்து இலை. நிழலில் காயவைத்து, உரலில் இடித்துச் சலித்து, வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். கண்ணில் பட்டால் எரியும் என்பதால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்த நிலம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று சிமெண்டு ஆலைகள் தோண்டுகின்றன. கிணற்றுத் தண்ணீரிலும் அதே சுண்ணாம்பு. சோப்புப் போட்டால் நுரைக்காது. தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, முடியில் வெள்ளைப் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். அரப்பு, சீயக்காய், பூந்திக்காய் மூன்றிலும் நுரை தருவது சபோனின் என்னும் பொருள். அது அப்படித் திரிவதில்லை. அம்மாயி இந்த வேதியியலைப் படித்ததில்லை. “இந்தத் தண்ணிக்கு அரப்புதான் கேக்கும்” என்பார்.

இப்படிப்பட்ட அறிவு தமிழ் இலக்கியத்துக்குள் எப்படி நுழைந்தது என்று தேடிப் பார்த்திருக்கிறேன். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் நடந்த வழக்கைத் தமிழறிந்த எல்லோரும் அறிவார்கள். இறையனார் பெயரில் உள்ள குறுந்தொகை 2ஆம் பாட்டை வைத்துத் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை. 1965இல் வந்த திரைப்படம் அதைப் படிக்காதவர்களுக்கும் கொண்டுபோனது. சபையில் அரசன் இருக்கிறான், புலவர்கள் இருக்கிறார்கள், சிவனே வருகிறான். தலைக்குக் குளித்த ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பூவாலும் பூச்சாலும்தான் மணம், இயற்கையில் இல்லை என்று வாதாடியவர் நக்கீரர். நான் அவர் பக்கம். மணம் என்பது வேலையால் வருவது. அது யாருடைய வேலை என்று அவரும் சொல்லவில்லை.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி குளிக்கும் நீரில் 10 துவர், 5 விரை, 32 ஓமாலிகை ஊறுகின்றன. அடியார்க்குநல்லார் உரை இவற்றை எண்ணிச் சொல்கிறது. துவர்களில் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலையும் உண்டு, பூவந்தியும் உண்டு. பூவந்தி எங்கள் ஊர்ப் பூந்திக்காய்தான். மொத்தம் 47 சரக்கு. அத்தனையையும் பொறுக்கி, காயவைத்து, இடித்து, ஊறவைத்தவளுக்குக் காப்பியத்தில் பெயரில்லை. ஐம்பால் என்று கூந்தலுக்கே ஒரு பெயர் வைத்து, குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என ஐந்து வகையை எண்ணினார்கள் உரைகாரர்கள். முடித்துவிட்ட கையை எண்ணவில்லை.

ஆனால் திண்ணையைக் கொண்டாடிக்கொண்டே போக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் சீப்பு எல்லோருக்கும் கைமாறவில்லை. உசிலை இலையை உருவி மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்த காலனிப் பெண்கள் வாசலோடு நின்று திரும்பினார்கள். அம்மாயி அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிய விதத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுதவும் வேண்டியிருக்கிறது.

1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. ஆண்கள் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. கணவனை இழந்தவளுக்கு ஒரு நாளில் மறுக்கப்படும் பூ, ஒரு சாதியில் பிறந்த பெண்களுக்குப் பிறவியிலேயே மறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்ட உத்தரவு என்றே நினைக்கிறேன். கடல் கடந்தும் இந்தக் கை நீண்டிருக்கிறது. 1786இல் லூசியானாவின் ஆளுநர் மீரோ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மறைத்துக் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பெண்கள் பளிச்சென்ற துணிகளை எடுத்து விதவிதமாகக் கட்டிக்கொண்டார்கள். மறைப்பதற்குச் சொன்ன துணியே அலங்காரமாகிவிட்டது.

பழையதெல்லாம் நல்லது என்று சொல்லவும் நான் வரவில்லை. அரப்பு இடிக்கிற உரலிலிருந்து அம்மாவை எழுப்பிவிட்டது பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட்தான். 1983இல் பக்கத்துக் கடலூரில் தொடங்கிய நிறுவனம்தான் சிக் ஷாம்பைச் சின்னப் பாக்கெட்டில் கிராமம் கிராமமாகக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் கொஞ்சமில்லை. பெண்கள் கிராப்பு வெட்டிக்கொள்ளட்டும் என்று பெரியார் சொன்னதன் அருமை, காலை ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்கும் எந்தப் பெண்ணுக்கும் புரியும். என் மகள் போன வருடம் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். ஆனால் பாக்கெட் குளியல் ஒற்றை ஆள் குளியல். தலையைச் சாய்த்துப் பிடிக்க இன்னொருத்தி தேவையில்லை. திண்ணையோடு போனது அரப்பு மட்டுமில்லை.

இப்போது அந்தத் திண்ணைப் பேச்சு என் ஓய்வறைக்கு வருகிறது. “முடி கொட்டுது மேடம், சின்ன வெங்காயம் தேய்க்கலாமா?” பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டம், புழுவெட்டுக்கு வெங்காயச் சாறு தேய்ப்பது இங்கே பழைய வைத்தியம். 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில், புழுவெட்டு வந்து வெங்காயச் சாறு பூசிக்கொண்ட 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. அது வட்டம் வட்டமாக முடி போகும் புழுவெட்டுக்கு. தலை முழுக்கப் பரவலாகக் கொட்டினால் அநேகமாகக் காரணம் வேறு. பிரசவம் ஆகி இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவது பெரும்பாலும் தானே நின்றுவிடும். அதுவும் இல்லையென்றால் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்வேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. தலைக்குத் தேய்க்கும் வெங்காயத்தைக் கேட்கிற பெண்ணிடம், நீ வீட்டில் எத்தனையாவது ஆளாகச் சாப்பிட உட்காருகிறாய் என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்து மழுப்புவாள். அந்தச் சிரிப்பும் திண்ணையில் கேட்டதுதான்.

கோயிலுக்குப் போய்வந்த அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். 1890இல் பம்பாய் நாவிதர்கள் கூடி, இனி விதவைகளின் தலையை மழிப்பதில்லை என்று முடிவெடுத்ததைப் பற்றி அப்போது படித்துக்கொண்டிருந்தேன். புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகாண்டே கூட்டிய கூட்டம் அது. கத்தி பிடித்துப் பிழைத்தவர்கள் கத்தியைக் கீழே வைத்திருக்கிறார்கள். நான் தாம்பாளத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் படியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தேன். உச்சியில் முடி வெகுவாகக் குறைந்திருந்தது. அரப்பு தேய்த்து அலசி, சாம்பிராணி போட்டு, சிக்கெடுத்துக் கொண்டை போட்டுவிட்டேன். முகம் பார்க்காமல்தான் சொல்ல முடிந்தது.

“அன்னைக்கு நான் ஒண்ணும் பேசலம்மா.”

“பேசி என்ன ஆகப்போவுது. நீயாவது பக்கத்துல நின்னியே” என்றார் அம்மா.

அதற்குள் மகள் கடைத்தெருவிலிருந்து ஒரு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். “அம்மாயி, வச்சுக்கோ.” அம்மா கையைத் தள்ளினார். “வேணாண்டி. ஊரு என்ன சொல்லும். என்னாலயும் முடியாது.” மகள் விடாமல் நீட்டிக்கொண்டே நின்றாள். நான் எடுத்துச் சொல்ல வாய் திறந்தேன். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. உன் தலை, உன் விருப்பம் என்று சொல்வது எனக்கு எளிது. அந்தத் தெருவில் நாளை காலையில் தண்ணீருக்கு நிற்கப்போகிறவர் அம்மா.

அம்மா கதம்பத்தை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பூக்களுக்கு நடுவே கட்டியிருந்த மரிக்கொழுந்தில் ஒரு கொத்தை மட்டும் உருவி, மோந்து பார்த்து, கொண்டைக்குள் செருகிக்கொண்டார். வெளியே தெரியவில்லை. வாசம் மட்டும் வந்தது.

“இது பூ இல்லையே. தழைதானே” என்றார்.

புறநானூற்றில் 248ஆம் பாட்டு ஒன்று இருக்கிறது. இளமையில் தழையாடையாக உடுத்திய சிறுவெள்ளாம்பல், கணவன் இறந்தபிறகு அல்லியரிசியாக வயிற்றுக்கு வந்ததை நினைத்து ஒரு பெண் அதற்காக இரங்குகிறாள். தழையிலிருந்து அல்லிக்குப் போகும் பாட்டு. மறுவாரம் அதை நடத்தும்போது, அல்லியிலிருந்து ஒரு கொத்துத் தழைக்குத் திரும்பிய ஒருத்தியைப் பற்றியும் மாணவிகளிடம் சொன்னேன். சிற்பத்தைப் பார்த்துக் கேள்வி கேட்ட பெண் கையைத் தூக்கினாள்.

“எங்க அம்மாச்சி துளசி வச்சுக்கும் மேடம். கேட்டா பிரசாதம்னு சொல்லும்.”

அதன்பிறகு ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.