வரம்பும் வாசிப்பும்: பழம்பாணிக் கணினி விளையாட்டுகளை ஆக்கும் ஆர்வலர் மரபு (1973 – 2021)

ஆய்வுச்சுருக்கம்

சிறிய, பழம்பாணிக் கணினி விளையாட்டுகளைப் பொழுதுபோக்காக உருவாக்கித் தம்முள் பகிர்ந்துகொள்ளும் ஆர்வலர்களின் செயற்பாடு பெரும்பாலும் பழமை ஏக்கமாகவே விளக்கப்படுகிறது. இவ்விளக்கம் போதுமானதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 1970களிலும் 1980களிலும் அச்சில் வெளிவந்த விளையாட்டு நிரல்களையும், 2015இல் வெளிவந்த பிகோ-8 என்னும் கற்பனைக் கருவியையும் ஒப்பிட்டு, இம்மரபில் மீட்கப்பட்டது பழைய தோற்றத்தைவிடவும் பிறர் எழுதிய நிரலைத் திறந்து வாசிக்கும் வாய்ப்பே என்று கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, மூலநிரல், பேசிக், பிகோ-8, கற்பனைக் கருவி, பழம்பாணி, பகிர்வு மரபு.

முன்னுரை

இன்றைய கைப்பேசி ஒன்றின் நினைவகம் 1982இல் விற்பனைக்கு வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் நினைவகத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு பெரிது. அவ்வாறிருக்க, 16 நிறங்களும் 128 × 128 படப்புள்ளிகளும் மட்டுமே கொண்ட திரைக்குள் விளையாட்டுகளை ஆக்குவோர் உலகின் பல பகுதிகளிலும் உள்ளனர். வசதி பெருகிய காலத்தில் வறுமையை விரும்பி ஏற்பது ஏன் என்னும் வினா இங்கு எழுகிறது. இதற்கு விடை காண, பழைய வரம்புகள் எவ்வாறு தோன்றின, புதிய வரம்புகள் எவ்வாறு வகுக்கப்பட்டன என்னும் இரண்டையும் பிரித்து நோக்க வேண்டும்.

1. அச்சேறிய நிரல்கள்

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகியோர் 1964இல் உருவாக்கிய பேசிக் மொழி, கணினித் துறை சாராதவரும் நிரல் எழுத வழிசெய்தது. அம்மொழியில் எழுதப்பட்ட விளையாட்டுகளைத் திரட்டி, டேவிட் ஆல் 1973இல் ‘101 பேசிக் கணினி விளையாட்டுகள்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் பதிப்பித்த இத்தொகுப்பு, 1978இல் சிறுகணினிகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டு மீண்டும் வந்தது. ஒவ்வொரு விளையாட்டின் நிரலும் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தது. விளையாட விரும்புபவர் அதனை வரிவரியாகத் தட்டச்சு செய்தாக வேண்டும்.

1980களின் முற்பகுதியில் வீட்டுக் கணினிகள் பரவியபோது, கணினி இதழ்களும் இவ்வழக்கத்தைப் பின்பற்றின. தட்டச்சில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் நிரல் இயங்காது. ஆகவே, பிழை களைவதற்கென்றே வழிமுறைகள் தோன்றின. ‘கம்ப்யூட்!’ இதழ் 1983இல் அறிமுகப்படுத்திய சரிபார்ப்பு நிரல், உள்ளிடப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியெண்ணைக் காட்டியது. அச்சிலுள்ள எண்ணோடு அது பொருந்தினால் வரி சரியானது.

ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவர் அந்நூலைப் பயின்றவராகவும் ஆனதைப் போல, நிரலைப் படியெடுத்தவர் அதன் அமைப்பை அறிந்தவராக ஆனார். ஓர் எண்ணை மாற்றினால் வேகம் கூடுகிறது, ஒரு நிபந்தனையை நீக்கினால் எதிரி மறைகிறான் என்பன போன்ற பட்டறிவு இங்கிருந்தே பிறந்தது. விளையாடுபவர், வாசிப்பவர், மாற்றி எழுதுபவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருந்தனர்.

2. மூடுண்ட நாடாக்கள்

இந்நிலை நீடிக்கவில்லை. பேசிக் மொழி மெதுவாக இயங்கியதால், விற்பனைக்குரிய விளையாட்டுகள் பொறிமொழியில் எழுதப்பட்டன. இளைஞரான மேத்யூ ஸ்மித் ஸ்பெக்ட்ரம் கணினிக்காக எழுதி 1983இல் வெளிவந்த ‘மேனிக் மைனர்’ இதற்குத் தக்க சான்றாகும். வீட்டிலிருந்தே தனியொருவர் ஆக்கிய விளையாட்டாயினும், வாங்கியவர் கைக்கு வந்தது ஒலிநாடாவே. வாசிக்கத்தக்க நிரல் அன்று. படியெடுப்பைத் தடுக்கும் உத்திகளும் நாடாக்களில் சேர்க்கப்பட்டன. 1980களின் இறுதியில் விளையாட்டுகள் அளவில் பெருத்தன; அவற்றை அச்சிடுவதும் தட்டச்சு செய்வதும் இயலாதவையாயின. இதழ்களிலிருந்து நிரல் பக்கங்கள் மறைந்தன. விளையாடுபவரும் ஆக்குபவரும் இருவேறு பிரிவினராயினர்.

3. வலிந்து ஏற்ற வரம்பு

பழைய கருவிகளின் வரம்புகள் விலையால் விளைந்தவை. 1977இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவியில் 128 பைட் நினைவகமே இருந்தது. ஸ்பெக்ட்ரம் கணினியில் 8 × 8 படப்புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரு நிறங்களே இடம்பெற முடிந்தது. இவற்றை எவரும் அழகியல் கருதித் தேர்ந்தெடுக்கவில்லை.

ஜோசப் வைட் தம் லெக்சலாஃபிள் நிறுவனத்தின் வழி 2015இல் வெளியிட்ட பிகோ-8 இதற்கு மாறானது. இது எக்காலத்தும் இருந்திராத ஒரு கருவியை மென்பொருளாகப் படைத்துக் காட்டுகிறது. ஆகையால் இதனைக் கற்பனைக் கருவி என்பர். இதன் மொழியான லுவா, 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் உருவானது; 1980களின் வீட்டுக் கணினிகளுக்கு அது தெரியாது. பழமை ஏக்கம் மட்டுமே நோக்கமாயின், பழைய கணினி ஒன்றைப் போலச் செய்வதே போதுமாக இருந்திருக்கும்.

நிரலின் அளவை இக்கருவி வரையறுக்கும் முறை மேலும் கருதத்தக்கது. ஒரு நிரலில் 8,192 டோக்கன்கள், அதாவது சொற்கூறுகள், இடம்பெறலாம். ஒரு மாறியின் பெயர் ஓரெழுத்தாயினும் பத்தெழுத்தாயினும் ஒரு டோக்கனே. விளக்கக் குறிப்புகள் டோக்கன் கணக்கில் சேர்வதில்லை. பழைய பேசிக் நிரலாளர்களோ, குறிப்புகளும் நீண்ட பெயர்களும் நினைவகத்தை விழுங்கியதால் அவற்றைத் தவிர்த்தனர். அதனால் நிரல் வாசிப்பதற்குக் கடினமாயிற்று. பழைய வரம்பு வாசிப்பைத் தண்டித்தது. புதிய வரம்பு சுருக்கத்தை வேண்டினாலும் வாசிப்புக்கு இடமளிக்கிறது. தளை, சீர் எனும் கட்டுப்பாடுகளைப் புலவர் விரும்பி ஏற்றாற்போல, இங்கும் வரம்பு ஓர் யாப்பாக வகுக்கப்பட்டுள்ளது.

4. படத்துள் பொதிந்த நிரல்

பிகோ-8 விளையாட்டு ‘கார்ட்ரிட்ஜ்’ எனப்படும். பகிர்வதற்காக அது 160 × 205 படப்புள்ளிகள் கொண்ட பிஎன்ஜி படமாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுதன்மை ஆகிய நான்கு கூறுகள் உள்ளன. ஒவ்வொரு கூற்றின் கடைசி இரு பிட்டுகளில் விளையாட்டின் தரவு வைக்கப்படுகிறது. ஆக, ஒரு படப்புள்ளிக்கு ஒரு பைட். மொத்தம் 32,800 பைட். கார்ட்ரிட்ஜின் முழு அளவான 32,768 பைட் இதனுள் அடங்கிவிடுகிறது. கண்ணுக்கு அது அட்டைப்படமாகவே தோன்றும், நிறமாற்றம் புலப்படாது.

இப்படத்தைப் பெற்றவர் விளையாட்டை இயக்கலாம்; இடையில் நிறுத்தி அதன் நிரல், உருவங்கள், இசை ஆகியவற்றை அதே கருவிக்குள் திறந்து பார்க்கலாம்; திருத்தலாம். அச்சிதழ் அளித்த வாய்ப்பு, தட்டச்சுச் சுமையின்றித் திரும்பியுள்ளது எனலாம். இதற்கு முன்னோடியான வழக்கம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2002இல் தொடங்கிய லூடம் டேர் போட்டியின் 48 மணிநேரப் பிரிவில், தனியொருவர் ஆக்கிய விளையாட்டோடு மூலநிரலையும் ஒப்படைக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

5. செலஸ்ட்: ஒரு சான்று

மேடி தோர்சன், நோயல் பெர்ரி ஆகிய இருவரும் 2015இல் நான்கு நாள்களில் பிகோ-8இல் ஆக்கிய சிறு விளையாட்டு ‘செலஸ்ட்’. மலையேறும் ஒருவரின் முயற்சியே அதன் பொருள். இது விரிவாக்கப்பெற்று, 2018 ஜனவரியில் வணிக விளையாட்டாக வெளிவந்தது. மூலச் சிறுவிளையாட்டு அதனுள் மறைவாக இடம்பெற்றுள்ளது. மூலத்தின் நிரல் திறந்திருந்தமையால், பிற ஆர்வலர்கள் அதனைக் கொண்டு தத்தம் மலைகளை அமைத்தனர். வணிக விளையாட்டில் தலைமை மாந்தரின் இயக்கத்தை ஆளும் நிரற்கோப்பையும் ஆக்கியோர் பின்னர்ப் பொதுவில் வைத்தனர். 2021இல் சிறிய கருவிக்கே திரும்பி, இசையமைப்பாளர் லீனா ரெயினுடன் சேர்ந்து மூன்று நாள்களில் இரண்டாம் பகுதியை ஆக்கினர். எனவே, சிறுவிளையாட்டைப் பெருவிளையாட்டுக்கான பயிற்சி என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

6. மரபின் நலிவிடங்கள்

இம்மரபு குறைகளற்றதன்று. பிகோ-8 விலைக்கு விற்கப்படும் மென்பொருள்; விளையாட்டுகளின் நிரல் திறந்திருப்பினும் கருவியின் நிரல் மூடியே உள்ளது. வாடிம் கிரிகோருக் உருவாக்கிய டிக்-80, கருவியின் நிரலையும் திறந்த உரிமத்தில் அளித்து இக்குறையை ஓரளவு நீக்கியது. மேலும், நிரலைச் சுருக்கிய பின் அதற்குக் கிடைக்கும் இடம் 15,616 பைட்டே. அதனுள் பெரிய விளையாட்டை அடக்க முயல்வோர் குறிப்புகளை நீக்கிப் பெயர்களைக் குறுக்குகின்றனர். அவ்விடத்து வாசிப்பு மீண்டும் தடைப்படுகிறது.

பாதுகாப்பும் சிக்கலானதே. அச்சிட்ட நிரலில் ஓரெழுத்துத் தேய்ந்தாலும் வாசகர் ஊகித்து நிரப்ப முடியும். கார்ட்ரிட்ஜ் படத்தை அளவு குறைத்தோ ஜேபெக் வடிவுக்கு மாற்றியோ சேமித்தால் கடைசி பிட்டுகள் சிதைகின்றன. படம் எஞ்சும், விளையாட்டு அழியும். பார்வைக்கு முழுமையாக இருப்பதால் இழப்பும் உடனே தெரிவதில்லை. பல ஆர்வலர் படைப்புகளுக்கு இப்படமே கிடைக்கும் ஒரே படியாக இருக்கக்கூடும் என்பதால், ஆவணக்காப்பாளர் அதனை விளக்கப்படமாகக் கருதாது மூலநூலாகவே கருதிக் காக்க வேண்டியவராகிறார்.

முடிவுரை

பழைய வரம்பு விலையால் வந்தது; புதிய வரம்பு உடன்பாட்டால் வந்தது. இரண்டும் ஒத்த தோற்றத்தைத் தருவதால் ஒன்றாக எண்ணப்படுகின்றன. தோற்றத்தை விலக்கிப் பார்க்கின், 1973இன் தொகுப்பையும் 2015இன் கருவியையும் இணைப்பது, ஒருவர் முழுமையாக வாசித்து முடிக்கக்கூடிய அளவிலான நிரலே எனத் தெளிவாகிறது. திறந்திருந்தும் இலட்சக்கணக்கான வரிகளுக்கு விரியும் நிரலைத் தனியொருவர் வாசித்து முடிப்பது அரிது. திறந்த தன்மையும் சிறிய அளவும் ஒருங்கே அமையும்போதுதான் விளையாடுபவர் ஆக்குபவராக மாற முடிகிறது. ஆர்வலர்கள் வரம்பை விரும்பி ஏற்பதன் காரணம் இதுவே.

எனவே, இவ்விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர், திரையில் தோன்றியதைப் பதிவு செய்வதோடு அமையாது, அதன் நிரலை யார் வாசித்தனர், எதனை மாற்றினர், யாருக்குக் கையளித்தனர் என்பவற்றையும் தேடித் தொகுத்தல் வேண்டும்.