சிலிக்கானைத் தொடும் இடம்: மாலிப்டினம் ஆக்சைடின் கதை

சோலார் பேனல் என்றதும் எல்லோரும் சிலிக்கானைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்த எபிசோடில் நாம் பேசப்போவது, அந்தச் சிலிக்கானை உலோகம் தொடும் இடத்தைப் பற்றி. கோடு எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: ரெண்டு மாட்யூலும் தனித்தனியா நல்லாத்தான் ஓடும், சேர்க்கிற இடத்துலதான் உடையும். சோலார் செல்லிலும் அதே கதைதான்.

இந்தத் தலைவலி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டேரில் சாப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் மூவரும் 1954 ஏப்ரல் 25 அன்று உலகுக்குக் காட்டிய சிலிக்கான் செல், வெயிலில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. அதற்கு முன்பு லித்தியம் கலந்து ஒரு செல் செய்திருந்தார்கள். அது சும்மா இருக்கும்போதே கெட்டுக்கொண்டிருந்தது. அறை வெப்பத்திலேயே லித்தியம் சிலிக்கானுக்குள் நகர, ஜங்ஷன் ஆழத்துக்குப் போய்விடும். மின் இணைப்பும் ஒழுங்காக அமையவில்லை. மேல்பரப்பில் போரானை மெல்லிசாக ஊடுருவ விட்ட பிறகுதான் விஷயம் சரியானது.

சரி, உலோகம் தொட்டால் என்னதான் ஆகும்? வெளிச்சம் பட்டதும் சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலி இடமான ஹோலும் ஜோடியாக உருவாகும். ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போனால்தான் நமக்குக் கரண்ட். உலோகம் நேரடியாகத் தொடும் இடத்தில் ரெண்டும் ஒரே வாசலுக்கு வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து காணாமல் போய்விடும். சம்பளக் காசு வீடு வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் பிக்பாக்கெட் ஆன மாதிரி.

உலோகம் தொடும் பரப்பைக் குறைப்பது ஒரு வழி. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் குழு 1989-ல் பெர்க் செல்லில் அதைச் செய்தது: 22.8 சதவீதம். ஜப்பானின் சான்யோ வேறு வழியில் போனது. உலோகம் படிகத்தைத் தொடவே கூடாது என்று நடுவில் சில நானோமீட்டருக்கு அமார்ஃபஸ் சிலிக்கானை வைத்தார்கள். அருமையான ஐடியா. ஒரே குறை, அந்த லேயர் நீல வெளிச்சத்தைத் தானே விழுங்கிவிடும்.

இங்கேதான் மாலிப்டினம் ஆக்சைடு உள்ளே வருகிறது. ஓஎல்இடி ஆட்களுக்கு ஏற்கெனவே பழகிய பொருள். வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி உள்ளே விடும். எலக்ட்ரானை இழுக்கும் வேகம் மிக அதிகம் என்பதால், பக்கத்துச் சிலிக்கான் பரப்பில் ஹோல்கள் வந்து குவியும். போரான் வேண்டாம், நச்சு வாயு வேண்டாம். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தால் போதும்.

2014-ல் பெர்க்லியின் அலி ஜாவி குழுவும் ஸ்விட்சர்லாந்தின் ஈபிஎஃப்எல்லும் சேர்ந்து 18.8 சதவீதம் எடுத்தார்கள். 2016-ல் ஜேம்ஸ் புல்லக்கும் மற்றவர்களும் ஒரு பக்கம் மாலிப்டினம் ஆக்சைடு, மறுபக்கம் லித்தியம் ஃப்ளோரைடு வைத்து, காண்டாக்ட்டில் டோப்பிங்கே இல்லாமல் 19.4 சதவீதம் காட்டினார்கள். பெல் லேப்ஸில் பாடாய்ப்படுத்திய அதே லித்தியம், இந்த முறை உதவிக்கு வந்தது!

ஆனால் 2015-லேயே ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டார்கள். 130 டிகிரியைத் தாண்டினால் இந்தக் காண்டாக்ட் கெட ஆரம்பிக்கிறது. வழக்கமான வெள்ளிப் பேஸ்ட்டைக் காயவைக்கவே சுமார் 200 டிகிரி வேண்டும். அதனால் வெள்ளியை விட்டுவிட்டுச் செம்பு முலாம் பூசித்தான் 22.5 சதவீதத்தைத் தொட்டார்கள். லேபில் இது சரி. ஃபேக்டரியில் பேனலைக் கண்ணாடியோடு ஒட்டும் லேமினேஷனே 150 டிகிரி பக்கம் போகுமே! 2020-ல் ஆக்சைடை 4 நானோமீட்டராக மெலிதாக்கி 23.5 சதவீதம் வரை வந்தார்கள். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனசில்லை.

ரேஸில் ஜெயித்தது வேறொரு ஆக்சைடு. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஐஎஸ்இ 2013 வாக்கில் கொண்டுவந்த டாப்கான் செல்லில், ஒன்றரை நானோமீட்டர் அளவுக்கு வெறும் சிலிக்கான் ஆக்சைடு, அதன்மேல் டோப் செய்த பாலிசிலிக்கான். 800 டிகிரியையும் தாங்கும். ஏற்கெனவே இருக்கும் ஃபேக்டரி லைனில் சில மெஷின்களைச் சேர்த்தால் போதும். சீன ஃபேக்டரிகள் எதைப் பிடித்துக்கொண்டன என்று சொல்லவே வேண்டாம்.

சான்யோ வழிவந்த செல்களில் மட்டும் ஒரு உலோக ஆக்சைடு இன்னும் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது: உங்கள் போன் டச் ஸ்கிரீனில் இருக்கும் அதே இண்டியம் டின் ஆக்சைடு. இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. பெரும்பாலும் துத்தநாகம் எடுக்கும்போது கூடவே கிடைப்பதுதான். பேனல் தேவை ஏறும் வேகத்துக்கு அது ஏறாது. அதனால் இண்டியம் இல்லாத ஆக்சைடுகளுக்கு இப்போது மவுசு.

இன்னொன்றும் நடக்கிறது. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கும் டான்டம் செல்லில், லாங்கி நிறுவனம் 2024-ல் 34.6 சதவீதம் எட்டியது. பெரோவ்ஸ்கைட்டுக்கும் அதிகச் சூடு ஆகாது. குறைந்த சூட்டில் படியும் டின் ஆக்சைடு மாதிரியான லேயர்கள் அங்கே அன்றாடச் சரக்கு ஆகிவிட்டன. அந்தக் கதையை டான்டம் எபிசோடில் பேசுவோம்.