சமமான பிறகு

சென்ற மாதம் வில்லியனூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், ஹாக்கி மட்டையை முழங்காலில் சாத்தியபடி ஒரு கல்லூரிப் பையன். முகத்தில் களையே இல்லை. விசாரித்தேன். கல்லூரிகளுக்கிடையே நடந்த லீக்கில் இவன் அணியும் இன்னோர் அணியும் சம புள்ளியாம். கோல் வித்தியாசத்தில் இவர்கள் வெளியே.

"கடைசி இடத்து டீமோட ஆடறப்போ அஞ்சு கோலோட நிறுத்திக்கிட்டோம், சார். பாவமா இருந்தது. அவங்க அதே டீமுக்குப் பத்துப் போட்டுட்டாங்க."

எதிரே இருந்த பெரியவர் பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில் பிறந்தவர். "ரெண்டு காப்டன்ல யாருக்குத் தம்பி வயசு அதிகம்?" என்றார்.

பையன் சிரித்துவிட்டான். வேடிக்கை இல்லை, ஐயா! பிரான்சின் 1884-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டப்படி, இரு வேட்பாளர்கள் சம வாக்குப் பெற்றால் மூத்தவருக்கே வெற்றி. நம்முடைய 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமோ நரையை மதிப்பதில்லை. சீட்டுப் போட்டுப் பார்க்கிறது. சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு வாக்கு கூடியதாகக் கணக்கு. உத்திரமேரூர்க் குடவோலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சமத்தைத் தீர்க்க அல்ல, ஆளைப் பொறுக்குவதற்கே ஓலை.

வயதும் சீட்டும் நம் கையில் இல்லை. கோல் நம் கையில் இருக்கிறது; தொல்லையே அதுதான். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில், தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஆடிய இந்தியா, தான்சானியாவுக்குப் பதினெட்டு கோல் போட்டது. திருப்பி ஒன்றுகூட வாங்கவில்லை. செத்த பாம்பை அடிப்பானேன் என்று தோன்றும். நான்கே ஆண்டுகள், லாஸ் ஏஞ்சலஸில் விடை கிடைத்தது. ஜாபர் இக்பால் தலைமையில் போன இந்தியா, மேற்கு ஜெர்மனியுடன் கடைசி லீக் ஆட்டத்தில் கோலே இல்லாமல் சமன் செய்தது. இருவருக்கும் மூன்று வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. தலைக்கு 7 புள்ளி. கோல் வித்தியாசம் ஜெர்மனிக்குச் சாதகம். ஜெர்மனி அரையிறுதிக்குப் போய், இறுதியில் பாகிஸ்தானிடம் தோற்று வெள்ளி வாங்கியது. நமக்கு ஐந்தாம் இடம். ஒருவரையொருவர் வெல்ல முடியாத இரண்டு அணிகளுக்கு நடுவே இத்தனை தூரம்!

இன்றைய உலக ஹாக்கியிலும் புள்ளி சமமானால் முதலில் வெற்றிகளை எண்ணுகிறார்கள். அதுவும் சமமானால் கோல் வித்தியாசம். நேருக்கு நேர் ஆடியதில் யார் ஜெயித்தார் என்ற கேள்வி அதற்கெல்லாம் பின்னால்தான்.

எல்லாவற்றையும் பையன் கேட்டுக்கொண்டான்.

"அப்போ அடுத்த வருஷம் அஞ்சோட நிறுத்தக்கூடாதுங்கறீங்களா, சார்?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் டீக்குக் காசு எடுக்கச் சட்டைப் பையைத் துழாவினேன்.