தொறுவும் வேலியும்

தமிழர்தம் பண்டை வாழ்வில் ஆனிரை பெற்ற இடத்தை ஆராய்ந்தோர் பலர். எனினும், நிரையைக் கவர்தல், காத்தல், மீட்டல் ஆகியன விரித்துரைக்கப்பெற்ற அளவிற்கு, அதனைத் திருத்தி வளர்த்த முறை ஆராயப்பெறவில்லை. முல்லைக்கலியிற் காணும் ஏறுகளின் சிறப்பினைக் கண்டு, பண்டை ஆயர் இனத்தேர்விலும் வல்லுநராய் இருந்தனர் என்று துணிதல் எளிது. அத்துணிபு எத்துணைப் பொருந்தும் என்பதைச் சவ்வாது மலைப்புறத்துச் சான்றுகளை முதலாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஏற்றினைக் கூர்ந்து நோக்கும் அறிவு பண்டையோர்க்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. தொல்காப்பிய மரபியல் ஆணினத்தையும் பெண்ணினத்தையும் குறிக்கும் பெயர்களை வகுத்துரைத்து, ஏறு, நாகு ஆகிய பெயர்களைப் பெற்றத்திற்கும் உரியவாக்குகிறது. முல்லைக்கலியோ ஏறுகளை நிறத்தாலும் மறுவாலும் வேறுபடுத்திக் காட்டுகிறது. ஆயினும், நல்லேற்றை அறிதல் வேறு; அவ்வேறே நிரையின் தந்தையாகுமாறு செய்தல் வேறு. முன்னது கண்ணின் திறம். பின்னது ஆட்சியின் திறம்.

சவ்வாது மலையின் சாரலை அடுத்துள்ளது செங்கம். இதுவே மலைபடுகடாம் போற்றும் நன்னனது செங்கண்மா. அப்பாட்டில், தன் இனத்தினின்று நீங்கிய நல்லேறு ஒன்று, மலையில் வாழும் காட்டு விடையொடு பொருகின்றது. கோவலரும் குறவரும் ஒருங்கு கூடி ஆரவாரிக்கின்றனர். வேலியற்ற மலைப்புறத்தில் ஏறு தன் மனம்போற் பிரிந்து திரிந்தமை இதனாற் புலனாகும்.

அதே நிலப்பகுதியிற் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்கள் 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுப்பாக வெளிவந்தன. அவற்றுட் பல, தொறு மீட்டுப் பட்ட வீரர்க்கு எடுக்கப்பெற்றவை. எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனது 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த நடுகல், எருமை காத்துப் பட்ட வீரனையும், கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயையும் ஒருங்கே நினைவுறுத்துகிறது. நாய்க்கும் பெயர் பொறித்த அக்கல்லில் ஏற்றின் பெயரோ வழியோ இல்லை. நடுகல் வீரனுக்கு உரியதாகலின் இஃது இயல்பே. ஆயினும், ஒரே இரவிற் கைமாறும் தொறுவில் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு நிகழ்தல் அரிது என்பது எம் கருத்து.

இனத்தேர்வின் இயல்பை நோக்கின் இக்கருத்து வலுப்பெறும். ஓர் ஆ ஓராண்டில் ஈனுவது பெரும்பாலும் ஒரு கன்றே. ஓர் ஏறோ அவ்வாண்டிற் பல கன்றுகட்குத் தந்தையாகும். ஆகலின், சிறுநிரையின் உயர்வும் தாழ்வும் ஏற்றின்பாலே உள்ளன. அன்றியும், ஓர் ஏற்றையே நெடிது வைத்திருப்பின், மூன்றாண்டளவில் அது தன் மகளிரொடு கூடும் நிலை எய்தும். நெருங்கிய உறவிற் கலப்பு மிகின் வழி மெலியும். தக்க ஏற்றைத் தெரிதல், தகாதவற்றை விலக்குதல், உரிய காலத்தில் ஏற்றை மாற்றுதல் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் நடுவணது வேலியின்றி எளிதில் நிறைவேறாது.

அவ்வேலியைக் கொங்குநாட்டிற் காண்கிறோம். காங்கேயத்தைச் சூழ்ந்த புன்செய் நிலத்தில், கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் வளரும் மேய்ச்சல் நிலம் கொறங்காடு எனப்படும். வேலி புல்லைக் காத்தற்கே எழுந்ததாயினும், எந்த ஏறு எந்த ஆவொடு மேயும் என்பதை முடிவு செய்யும் உரிமையையும் நிலக்கிழார்க்கு அளித்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரது காங்கேய நிரை, இடையறாத தேர்வினாற் புகழ்பெற்றது. உழவும் வண்டியும் கவலை இறைப்பும் அவர் காலத்துத் தேவைகள். தேர்வும் அவற்றையே நோக்கியது.

நோக்கம் மாறின் இனமும் மாறும் என்பதற்கு ஓங்கோல் மாடு சான்றாகும். பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் ஏருக்கும் பாலுக்கும் வளர்க்கப்பெற்ற இவ்வினம், 19ஆம் நூற்றாண்டில் பிரேசில் சென்று, அப்பகுதியின் பெயராலேயே 'நெலோர்' எனப்பட்டது. வேலியிட்ட பெரும்பண்ணைகளில் உடல் எடையும் விரைந்த வளர்ச்சியும் நோக்கித் தேர்ந்தமையால், இன்று அந்நாட்டு இறைச்சி மாடுகளுள் அதுவே தலைமை பெற்றுள்ளது. 1962இலும் ஆந்திரத்தினின்று ஏறுகள் அங்குக் கொண்டுசெல்லப்பெற்றன. குருதி ஒன்று, தேர்ந்தோர் நோக்கம் வேறு.

வேலியற்ற நிலத்தில் ஆட்சிக்கு வேறு வழி உண்டோ எனின், உண்டு. ஊரார் கூடித் தெரிந்து விடும் பொலிகாளையும், பிறவற்றைக் காயடித்தலும் வேலியின் தொழிலைச் செய்யும். பொலிகாளைகட்கு உரிமம் வகுத்துத் தகாதவற்றைக் காயடிக்க இடந்தந்த 1940ஆம் ஆண்டுச் சென்னைக் கால்நடை வளர்ச்சிச் சட்டம் இதனையே நாடியது. ஆயின், தக்கது எது எனத் தெளிவார் யார் என்னும் வினா எஞ்சுகிறது. சமவெளியின் அளவுகோல் கொண்டு நோக்குவார்க்குச் சவ்வாது மலையின் சிறுமாடு குறையுடையதாகத் தோன்றலாம். கல்லிலும் சரிவிலும் மேய்ந்து உழும் குடிக்கோ அச்சிறுமையே பயன். ஆகலின், ஏற்றைத் தெரியும் உரிமை அதனொடு வாழ்வாரிடத்தும் இருத்தல் வேண்டும். அவ்வுரிமை அவர்பால் இல்லையாயின், எருதும் கன்றும் எஞ்சியிருப்பினும், தொறு மீண்டும் கவரப்பட்டதாகவே கொள்க.