கையும் கவனமும்: சாலைச் சட்டங்கள் கடந்து வந்த பாதை



'சாலை விபத்துகளைக் குறைக்கும் வழிகள்' என்ற தலைப்பை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். 'அரசாங்கம் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்' என்ற வரி எங்காவது கட்டாயம் வந்துவிடும். எந்தச் சட்டத்தை, எதற்காக என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எஸ்.பி.எம். கட்டுரைக்கு அந்த வரி போதும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் நம் நாட்டில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். கட்டுரையை எழுதி வைத்துவிட்டு, தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிற மாணவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2016-இல் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுடையவை. அதனால் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

'கவனம்' சட்டத்துக்குள் வந்தது

வாகனம் ஓட்டும்போது கவனம் சிதறுவது கைப்பேசியோடு பிறந்த சிக்கல் அல்ல. 1930-இல் பிரிட்டன் இயற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டமே 'உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல்' ஓட்டுவதைக் குற்றமாக்கியது. நமது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43-ஆவது பிரிவிலும் அதே கருத்து இருக்கிறது. உரிய கவனமில்லாமலோ, சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்களைக் கருத்தில் கொள்ளாமலோ ஓட்டுவது குற்றம்.

இது விரிந்த பொருளுள்ள பிரிவு. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு ஓட்டுவது, பின்னிருக்கையில் அழும் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பது, வரைபடத்தைத் தேடுவது எல்லாம் இதில் அடங்கும். அப்படியென்றால் கைப்பேசிக்கென்று தனி விதி எதற்கு? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் சட்டங்கள்

மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி மலேசியாவில் 1973-இல் வந்தது. காரின் முன்னிருக்கைகளுக்கு இருக்கைப் பட்டை 1979-இல் கட்டாயமானது. பின்னிருக்கைக்கு அந்தக் கட்டாயம் வர 2009 ஆனது. முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைக்குப் போகச் சட்டம் 30 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள்.

இந்த விதிகளுக்கு ஒரு வசதி உண்டு. தலைக்கவசம் தலையில் இருக்கிறதா இல்லையா என்பதைச் சாலையோரம் நிற்கும் போலீஸ்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். வாதத்துக்கு அதிகம் இடமில்லை. மனம் எங்கே இருக்கிறது என்பதை அப்படிப் பார்க்க முடியுமா?

காருக்குள் வந்த தொலைபேசி

1930-களில் காருக்குள் வானொலி வந்தபோதே, ஓட்டுநரின் கவனம் கெடும், அதைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் எழுந்தது. வானொலி தங்கிவிட்டது, அந்தக் குரல் அடங்கிவிட்டது. 'புதிதாக எது வந்தாலும் இப்படித்தான் பயப்படுவார்கள்' என்று சொல்கிறவர்கள் இன்றும் இந்தக் கதையைத்தான் காட்டுவார்கள்.

மலேசியாவுக்கு நடமாடும் தொலைபேசி 1985-இல் 'அத்தூர் 450' சேவையாக வந்தது. அந்தக் காலத்துக் கருவியைச் சட்டைப் பையில் போட முடியாது. அவ்வளவு பெரிது, அவ்வளவு கனம். காரில் பொருத்திக்கொள்வதே வசதி. அதாவது, நடமாடும் தொலைபேசி நம் பைக்குள் வருவதற்கு முன்பே காருக்குள் வந்துவிட்டது.

வானொலியும் தொலைபேசியும் ஒன்றா? கனடாவின் தொராந்தோ நகரில் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வு இதற்கு ஓரளவு பதில் சொன்னது. விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பேசும் நேரத்தில் விபத்து அபாயம் ஏறக்குறைய 4 மடங்கு. கையில் பிடிக்காமல் பேசுகிற கருவி வைத்திருந்தவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. வானொலி நம்மிடம் பதிலை எதிர்பார்ப்பதில்லை. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் எதிர்பார்க்கிறார்.

நமது 1959-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 17ஏ விதி, ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பிடிபட்டால் 300 ரிங்கிட் சம்மன். விதி கையைப் பார்க்கிறது; ஆய்வோ மனத்தைப் பற்றிப் பேசுகிறது. இந்த இடைவெளிதான் சிக்கலே. மாணவரைக் கேட்டால், "கையில பிடிக்கலையே டீச்சர், ஹெல்மெட்லதான இருக்கு" என்பார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூரில் இருக்கும் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் உட்லண்ட்ஸ். சிங்கப்பூரில் முன்பு ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் பேசுவதும் குறுஞ்செய்தி அனுப்புவதும்தான் குற்றமாக இருந்தன. 2015 பிப்ரவரி 1 முதல் சட்டம் விரிந்தது. கைக்கணினியும் உள்ளே வந்தது. இணையத்தில் உலவுவதும் குற்றமானது. முதல் முறை பிடிபட்டால் 1,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நம் மாணவர்களின் அப்பா, அண்ணன், அக்கா என்று எத்தனையோ பேர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாலத்தைக் கடக்கிறார்கள். ஒரே ஆள், ஒரே கைப்பேசி, ஒரே நாளில் இரண்டு சட்டங்கள். பாலத்தின் இரு பக்கமும் அவர் ஒரே மாதிரிதான் ஓட்டுகிறாரா என்று பிள்ளைகளை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

ஜொகூர் பாரு வழக்கு

2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜொகூர் பாரு ஜாலான் லிங்காரான் டாலாமில் 'பாசிக்கால் லஜாக்' எனப்படும் மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களில் இருந்த சிறுவர்கள் கூட்டத்தின்மீது கார் மோதி, 8 பேர் இறந்தார்கள். ஓட்டுநர்மீது 41-ஆவது பிரிவில், கண்மூடித்தனமாக அல்லது ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விடுவித்தது. ஓட்டுநர் மது அருந்தவில்லை, கைப்பேசி பயன்படுத்தவில்லை, இருக்கைப் பட்டை அணிந்திருந்தார் என்பவையும் அங்கே கணக்கில் வந்தன. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 6 ஆண்டு சிறை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரே குற்றச்சாட்டில் இரண்டு குற்றங்களைச் சேர்த்தது குறையுடையது என்பது அதன் முடிவு.

மொழியாசிரியர்களாகிய நமக்கு இதில் படிக்க நிறைய இருக்கிறது. 'அல்லது' என்ற ஒரு சொல் 6 ஆண்டு வழக்கின் முடிவைத் தீர்மானித்தது. ஓட்டுநரின் மனநிலையை அளக்க முயலும் சட்டம் எவ்வளவு வழுக்கும் என்பதும் இங்கே தெரிகிறது. அந்த 6 ஆண்டுகளும் 8 குடும்பங்கள் காத்திருந்தன என்பதையும் மறக்க வேண்டாம்.

தடை தேவையா?

இப்போது முதலில் வைத்த கேள்விக்கு வருவோம். கவனமின்மையைத் தண்டிக்க 43-ஆவது பிரிவு இருக்கும்போது கைப்பேசிக்குத் தனித் தடை எதற்கு? என் பதில் இது. கவனமின்மையைப் பெரும்பாலும் மோதல் நடந்த பிறகுதான் நிரூபிக்க முடிகிறது. கைப்பேசித் தடையோ மோதலுக்கு முன்பே ஓட்டுநரை நிறுத்த வழி செய்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி திரையைப் பார்த்தால், வாகனம் 50 மீட்டர் ஓடியிருக்கும். அந்த 50 மீட்டருக்கு முன்னால் வரும் சட்டம் நமக்கு வேண்டும்.

ஆனாலும் கையைப் பார்க்கும் சட்டம் முழுப் பாதுகாப்பு தராது. பேச்சு எப்படி நடந்தாலும் கவனம் போய்விடும் என்பதைச் சம்மன் புத்தகம் கற்பிக்காது. அந்த இடத்தில்தான் வகுப்பறை வருகிறது.

வகுப்பறைக்கு

1. 'கவனக்குறைவு', 'கவனச்சிதறல்', 'கண்மூடித்தனம்', 'அலட்சியம்' ஆகிய நான்கு சொற்களின் பொருள் வேறுபாட்டை மாணவர்கள் எடுத்துக்காட்டுடன் எழுதட்டும். எதை நிரூபிப்பது எளிது, எது கடினம் என்றும் சொல்லட்டும்.

2. விவாதம்: 'கையில் பிடிக்காமல் பேசுவதையும் சட்டம் தடை செய்ய வேண்டும்.' எதிர்த்துப் பேசும் அணி வானொலிக் கதையைப் பயன்படுத்தலாம். ஆதரிக்கும் அணி 1997 ஆய்வைப் பயன்படுத்தலாம்.

3. 'சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்' என்ற வரியை எழுதும் ஒவ்வொருவரும் அடுத்த வரியில் மூன்று விவரம் தர வேண்டும்: எந்தச் சட்டம், இப்போது அது என்ன சொல்கிறது, எந்தச் சொல்லை மாற்ற வேண்டும். இதைச் செய்ய முடியாதவர்கள் அந்த வரியை அடித்துவிட்டு, ஓட்டும்போது தங்கள் கைப்பேசி எங்கே இருக்கும் என்பதை எழுதட்டும்.