இரவுப் படப்பிடிப்பும் மின்னாக்கியும்: திரைப்பட வரலாற்றில் ஒரு விடுபடல்

இந்தியத் திரைப்பட வரலாற்றை எழுதியோர் கதைக்கும் இசைக்கும் நடிப்புக்கும் தந்த இடத்தை, விளக்குகளுக்கு மின்சாரம் வந்த வழிக்குத் தரவில்லை. படப்பிடிப்பில் ஜெனரேட்டர் வண்டி என வழங்கும் மின்னாக்கி ஊர்தி அவ்வரலாற்றில் பெரும்பாலும் பேசப்படாமலே நிற்கிறது. திறந்தவெளி இரவுக் காட்சியின் வளர்ச்சி ஒளியின் வரலாறு மட்டுமன்று, ஒலியின் வரலாறுமாகும் என்பதை இக்கட்டுரை சுட்ட முயல்கிறது.

இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931இல் பம்பாயில் உருவானபோது, அருகிலிருந்த இருப்புப்பாதையின் இரைச்சல் ஓய்ந்த பின்னிரவிலேயே பெரும்பகுதி படமாக்கப்பட்டது. அங்கு இரவு நாடப்பட்டது இருளுக்காக அன்று, அமைதிக்காக. கதையில் வரும் இரவோ படநிலையத்துள் அமைக்கப்பட்டது. அன்றேல், வடிகட்டி பொருத்திப் பகலிலேயே எடுக்கப்பட்டது. தரையில் கூர்மையாக விழும் நிழல் இவ்வுத்தியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையான இரவைப் படம்பிடிக்கப் பேரளவு ஒளி தேவைப்பட்டது. 1960களில் வழக்கிலிருந்த ஈஸ்ட்மன் வண்ணப் படச்சுருளின் வேகம் 50 மட்டுமே. 1968இல்தான் அது 100 ஆயிற்று. 'புரூட்' எனப்பட்ட பெரிய கார்பன் வில்விளக்கு ஒன்றே 225 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தை இழுக்கும். ஊர் மின்கம்பியில் வருவது மாறுமின்னோட்டம். ஆகவே மின்சாரம் எட்டிய சிற்றூரிலும் தனி மின்னாக்கி தேவையாயிற்று.

மின்னாக்கியை எங்கே நிறுத்துவது என்பது எளிய வினாவன்று. அருகில் நிறுத்தினால் அதன் இரைச்சல் காட்சிக்குள் புகும். தொலைவில் நிறுத்தினால் நீண்ட கேபிளில் மின்னழுத்தம் குறையும். இழைவிளக்கின் ஒளி செம்மை படரும். இந்தியாவில் இச்சிக்கலைத் தளர்த்தியது பின்குரல் பதிவு, அதாவது டப்பிங் ஆகும். வெளிப்புறப் படப்பிடிப்பில் பரவலாகப் பயன்பட்ட ஆரிஃபிளக்ஸ் 2சி ஒளிப்பதிவுக் கருவியே ஓசை மிக்கது. உரையாடல் எப்படியும் பின்னர்ப் பதிவாகும் என்ற நிலையில், மின்னாக்கியின் ஓசை பொருட்படுத்தப்படவில்லை. டப்பிங்கைக் குறையாகவே கருதும் திறனாய்வாளர் இப்பயனையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

பின்னர் வந்த எச்.எம்.ஐ. விளக்கு மாறுமின்னோட்டத்தில் இயங்குவது. இழைவிளக்கினும் மும்மடங்களவு ஒளிதிறன் உடையது. ஆயின் புதிய இடர் ஒன்றும் உடன் வந்தது. 50 சுழற்சி மின்னோட்டத்தில் இவ்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் கருவியில், மூடியின் திறப்பு 172.8 பாகையாக இருப்பின் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இரு துடிப்புகளைப் பெறும். சுமை கூடி எஞ்சினின் வேகம் தளர்ந்தால் இப்பொருத்தம் குலைந்து திரையில் ஒளி படபடக்கும். அது படச்சுருளைக் கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. மின்னணு பாலஸ்ட் பரவும்வரை, ஓர் இரவின் உழைப்பு முழுதும் அலைவெண் காட்டியில் கண்வைத்திருந்த மின்னாக்கி இயக்குநரைச் சார்ந்திருந்தது. அவர்தம் பட்டறிவு எழுத்தில் மிக அரிதாகவே பதிவாகியுள்ளது. வில்விளக்குக் காலத்துத் தொழிலாளர் முதுமை எய்திய இந்நாளில், அவர்தம் வாய்மொழியைத் தொகுத்தல் நம் துறையினர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

2001இல் வெளிவந்த 'லகான்' கட்சுப் பகுதியில் நேரடி ஒலிப்பதிவுடன் படமாக்கப்பட்டது. 'ஆலம் ஆரா' தேடிய அமைதி எழுபதாண்டுகளுக்குப் பின் மீண்டும் தேவையாயிற்று; நேரடி ஒலிப்பதிவில் மின்னாக்கி ஒலியடக்குக் கூண்டுக்குள்ளும் காட்சியிடத்துக்கு அப்பாலும் சென்றாக வேண்டும். ஓரிரவில் நிகழும் 'கைதி' 2019இல் வெளிவந்தபோது, இருளிலும் கூர்ந்து காணும் எண்மக் கருவிகள் வந்துவிட்டிருந்தன. எல்.இ.டி. விளக்குகளும் பெருகிவிட்ட நிலையில், பல காட்சிகளுக்கு இன்று சிறு மின்னாக்கியே போதுமானதாகிறது.