விண்டர் குவார்ட்டர்ஸ் விரிகுடாவின் புழுக்கள்

1902 பிப்ரவரியில் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் தன் ‘டிஸ்கவரி’ கப்பலை அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில் ஒரு சிறிய வளைவுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். குளிர்காலத்தைக் கழிக்க ஒதுங்கிய இடம் என்பதால் விண்டர் குவார்ட்டர்ஸ் விரிகுடா என்று பெயர் நிலைத்தது. உறைந்த கடல் அந்தக் கப்பலை இரண்டு ஆண்டுகள் விடவில்லை. கரையில் அவர்கள் எழுப்பிய மரக்குடில் இன்றும் நிற்கிறது. அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான் எழுத வந்தது அந்தக் குடிலுக்குக் கீழே, கடலடியில் கிடக்கும் சேற்றைப் பற்றி.

1955 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வந்து அதே கரையில் மெக்மர்டோ நிலையத்தைக் கட்டத் தொடங்கியது. முகாமாகத் தொடங்கிய இடம் சில ஆண்டுகளில் ஊர் மாதிரி வளர்ந்தது. ஊர் என்றால் குப்பை சேரும். வண்டி, பீப்பாய், பழைய இயந்திரம் என எல்லாவற்றையும் கடல்பனியின் மேல் இழுத்துப்போய் வைத்துவிட்டால், கோடையில் பனி உடைந்து வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று கணக்குப் போட்டார்கள். மிச்சத்தை விரிகுடாவின் கரையிலேயே கொட்டி எரித்தார்கள். கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் நேராகக் கடலுக்குப் போனது. 2001-இல் நடந்த கணக்கெடுப்பின்படி, விரிகுடாவின் அடியில் 15 வண்டிகள், 26 சரக்குப் பெட்டகங்கள், 603 எரிபொருள் பீப்பாய்கள் கிடந்தன. பனி எடுத்துப் போகும் என்று நம்பியது கண்ணெதிரே மூழ்கிக் கிடந்தது.

இரும்பை எண்ணிவிடலாம். எண்ணெயும், மின்மாற்றிகளிலிருந்து கசிந்த பிசிபி போன்ற வேதிப்பொருட்களும் சேற்றில் ஊறிய பிறகு அவற்றின் விளைவை எப்படி அளப்பது? தண்ணீரை மொண்டு சோதித்தால் அன்றைய நிலவரம்தான் தெரியும். மீன் நீந்திப் போய்விடும், சீல் பனியின் மேல் ஏறிவிடும். சேற்றில் குழாய் கட்டி வாழும் புழுவுக்குப் போக்கிடம் இல்லை. ஆண்டுக்கணக்கில் அந்த இடத்தில் என்ன விழுந்ததோ, அதைத் தின்றுதான் அது வாழ்ந்தாக வேண்டும், அல்லது சாக வேண்டும்.

புழுக்களை எண்ணி மாசை அளக்கும் இந்த யோசனை துருவத்தில் பிறந்ததல்ல. 1950-களில் டொனால்ட் ரீஷ் என்ற ஆய்வாளர் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகங்களின் சேற்றை அலசி, கழிவு மிகுந்த இடங்களில் கேப்பிடெல்லா என்ற சிறு புழு குவிவதைக் காட்டினார். 1978-இல் பியர்சன், ரோசன்பெர்க் இருவரும், கழிவு கூடக் கூடக் கடலடி உயிர்க்கூட்டம் எந்த வரிசையில் மாறுகிறது என்பதை வகுத்துக் கொடுத்தார்கள்.

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தபோது இந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். வெள்ளாற்றுக் கழிமுகச் சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் கொட்டி, தண்ணீர் விட்டு மெதுவாக அலச வேண்டும். தங்கியதை ஃபார்மலினில் போட்டு ரோஸ் பெங்கால் சாயம் ஊற்றினால் உயிர்ப்பொருள் மட்டும் ரோஜா நிறம் பிடிக்கும். பிறகு வெள்ளைத் தட்டு, இடுக்கி, நுண்ணோக்கி, கழுத்துவலி. கேப்பிடெல்லாவின் தலையில் உணர்கொம்பும் இல்லை, இழையும் இல்லை. வெட்டிப்போட்ட தையல்நூல் போல இருக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் துண்டாகிவிடும். தலையை மட்டும்தான் எண்ண வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி. இல்லாவிட்டால் ஒரு புழு மூன்றாகிவிடும். இந்தச் சலிப்பூட்டும் வேலையின் மேல்தான் ஒரு கடற்கரையின் உடல்நலம் பற்றிய தீர்ப்பே நிற்கிறது. அதைச் செய்பவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை இன்றும் குறையவில்லை.

மெக்மர்டோவில் இதே வேலைக்கு முதலில் இரண்டு மீட்டர் தடிமனான கடல்பனியைத் துளைக்க வேண்டும். துளைக்குக் கீழே தண்ணீர் மைனஸ் 1.9 டிகிரி. 1960-களின் பிற்பகுதியிலிருந்து பால் டேட்டன் அங்கே மூழ்கினார். பின்னர் ஜான் ஆலிவர் சேர்ந்துகொண்டார். 1977-இல் இருவரும் எழுதிய கட்டுரை சொன்ன செய்தி அன்றைக்குப் பெரும் வியப்பு: மெக்மர்டோ ஜலசந்தியில், நிலையம் இருக்கும் கிழக்குக் கரையில் ஒரு சதுர மீட்டர் சேற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள், மேற்குக் கரையில் சில ஆயிரம் மட்டுமே. காரணம் இரை. கிழக்குக்கு வரும் நீரோட்டம் மிதவைப் பாசியைக் கொண்டுவருகிறது. மேற்குக்கு வருவது பெரும்பாலும் பனித்தட்டின் அடியிலிருந்து வரும் வெறுந்தண்ணீர்.

ஆகவே உயிர்கள் குறைவாக இருந்தால் கடற்கரைக்கு நோய், நிறைய இருந்தால் நலம் என்று சொல்லிவிட முடியாது. யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஹன்டர் லெனிஹானும் ஆலிவரும் 1990-இலும் 1995-இலும் வெளியிட்ட ஆய்வுகளில் அதைத்தான் பார்த்தார்கள். விரிகுடாவுக்குள், குப்பைமேட்டுக்கு அருகில், கேப்பிடெல்லா, ஓஃப்ரியோட்ரோக்கா போன்ற அவசரக் குடியேறிகள். நடந்தே போகும் தூரத்தில் உள்ள ஆர்மிட்டேஜ் முனையில் குழாய்ப்புழுக்கள், சிறு ஓட்டுடலிகள், கடற்சாமந்திகள் என்று நெடுநாள் குடிமக்களின் அடர்ந்த விரிப்பு. இத்தனை குறுகிய தூரத்துக்குள் இத்தனை செங்குத்தான சரிவு. விரிகுடாச் சேற்றின் நச்சளவு அமெரிக்காவின் மிக மோசமான தொழில்துறைமுகங்களோடு ஒப்பிடும்படி இருந்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆழமற்ற இடங்களில் பனிப்படிகங்கள் கடலடியிலேயே வளர்ந்து, அங்குள்ள உயிர்களைப் பெயர்த்து மேலே தூக்கிக்கொண்டு போகும். மிதக்கும் பனிமலைகள் அடித்தளத்தை உழுதுவிட்டுப் போகும். அப்படிச் சிதைந்த இடத்திலும் அதே அவசரக் குடியேறிகள்தான் முதலில் வந்து சேருகிறார்கள். மனிதன் செய்ததா, பனி செய்ததா என்பதை இனப்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. சேற்றின் வேதியியலும் வேண்டும், பாதிக்கப்படாத இடத்தின் கணக்கும் வேண்டும். லெனிஹான் குழு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தது. அவர்கள் வேலையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

கரையிலும் நெருக்கடி கூடியது. 1987-இல் கிரீன்பீஸ் அமைப்பு அருகிலுள்ள எவன்ஸ் முனையில் தன் சொந்த நிலையத்தை அமைத்து, மெக்மர்டோவின் குப்பையைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியது. 1991-இல் அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் உடன்படிக்கை கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்தது. திறந்தவெளியில் எரிப்பது நின்றது. குப்பை கப்பலேறி நாடு திரும்பத் தொடங்கியது. 2003-இல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

பலன் கிடைத்ததா? கனடாவைச் சேர்ந்த கேத்லீன் கான்லனும் அவர் குழுவினரும் கழிவுநீர்க் குழாயின் வாயருகே ஆண்டுக்கணக்காக அதே இடங்களில் சேறெடுத்து எண்ணி வந்தார்கள். அந்த நேரம் பார்த்து, 2000-இல் ராஸ் பனித்தட்டிலிருந்து பி-15 என்ற மாபெரும் பனிமலை உடைந்து பிரிந்தது. பனிமலைகள் வழியை அடைத்ததால் கடல்பனி ஆண்டுக்கணக்கில் வெளியேறாமல் தடித்தது. வெளிச்சம் குறைந்தது, பாசி குறைந்தது, கடலடிக்கு இரையும் குறைந்தது. கழிவைச் சுத்திகரிக்கத் தொடங்கியதும் இயற்கை உணவு வற்றியதும் ஒரே காலத்தில் நடந்தன. தூரத்துச் சுத்தமான இடங்களிலும் அதே ஆண்டுகளில் எண்ணி வைத்திருந்ததால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருந்தது. குழாய் வாயில் மட்டும் எண்ணியிருந்தால், அங்கே நடந்த மாற்றம் முழுவதையும் புதிய சுத்திகரிப்பு நிலையத்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.